கல்விக் கடனுக்கு முன்

கேள்வி: என் மகள் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவள். கலந்தாய்வில் தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்துள்ளது. எங்கள் குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லை. கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: அவசரப்பட வேண்டாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் அந்த இடம் கிடைத்திருந்தால், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அந்த ஒதுக்கீட்டில் இல்லாமல் பொதுக் கலந்தாய்வில் கிடைத்திருந்தால், வட்டாட்சியர் அலுவலகம் வழியே பெறும் முதல் பட்டதாரிச் சான்றிதழைக் கொண்டு கல்விக் கட்டணச் சலுகை கோரலாம். ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இச்சலுகை கிடையாது என்பதைப் பலர் பணம் கட்டிய பிறகே அறிகிறார்கள். இவை தவிர, 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்கள் மகளின் வங்கிக் கணக்கிலேயே சேரும்.

இவற்றுக்குப் பிறகும் பணம் போதாவிட்டால் மட்டும் வித்யாலட்சுமி இணையதளத்தில் கல்விக் கடனுக்கு விண்ணப்பியுங்கள். 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பதில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தகுதியுள்ள படிப்புகளுக்குப் படிக்கும் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்கும் உரிய வட்டியை மத்திய அரசு செலுத்தும் திட்டமும் உண்டு. அதற்கான வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.