பெரிய வியாழன் பாதம் கழுவுதல்: அக்காவுக்குப் பதில்

வணக்கம் அக்கா. செம்பனைத் தோட்ட வேலையில் வெடித்துப்போன பாதத்தை, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று கோயிலில் பாதர் கழுவுவதற்காக நீட்டக் கூச்சமாக இருக்கிறது, மறுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மறுக்காதீர்கள். இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவ வந்தபோது பேதுருவும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். பைபிளில் யோவான் 13-ஐ எடுத்துப் பாருங்கள். பெண்கள் உட்காரலாமா என்ற சந்தேகமும் வேண்டாம்; 2016-லேயே போப் பிரான்சிஸ் அனுமதித்துவிட்டார்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அவர் பாதம் கழுவ உட்கார்ந்தபோது குதிகால் வெடிப்பு ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோடாய்க் கறை. பாதர் அவசரப்படவில்லை, விரலிடுக்குவரை துண்டால் ஒற்றி எடுத்தார். வீடு வரும்வரை அம்மா பேசவேயில்லை, என் கையை மட்டும் விடவில்லை.

முந்தின இரவு வெந்நீரில் காலை ஊறவைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். சுலபமாகக் கழற்றும் சிலிப்பர் போட்டுப் போங்கள் அக்கா.