அட்லஸில் பக்கத்துக்குப் பக்கம் கட்டக் குறியீடு நழுவுவது ஏன்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், ஒரே வடிவமைப்பைப் பல பக்கங்களாக ஓட்டும் 'அட்லஸ்' வசதியைக் கொண்டு சிங்கப்பூர் முழுவதற்கும் ஏ4 அளவில் ஒரு வரைபடப் புத்தகம் செய்கிறீர்கள். 500 மீட்டர் கட்டம், மேலே ஏ, பி, சி, பக்கவாட்டில் 1, 2, 3. சில பக்கங்களில் எழுத்துகள் கட்டத்தோடு பொருந்தவில்லை. பின்பக்க அட்டவணை காட்டும் கட்டத்தில் தேடினால் அந்த புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) அங்கே இல்லை. இது மென்பொருளின் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மென்பொருள்மேல் பழி போட இடமில்லை. உங்கள் கட்டம் காகிதத்துக்கு உரியதா, நிலத்துக்கு உரியதா என்பதை நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. கியூஜிஐஎஸ் பாதியைக் காகிதத்திலிருந்தும் பாதியை நிலத்திலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. புல்வெட்டும், மரம் கழிக்கும் குழுக்களுக்கு இப்படிப்பட்ட புத்தகங்களைத் தயாரிப்பதுதான் என் வேலை. கைப்பேசி இருக்கும் காலத்தில் புத்தகம் எதற்கு என்று கேட்பவர்கள், கேமரா உள்ள போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களில் ஒரு நாள் வேலை செய்து பார்க்கட்டும். "பக்கம் 14, சி2-க்கு வா" என்று வாக்கிடாக்கியில் சொன்னால் லாரி அங்கே வந்து நிற்க வேண்டும். அதற்குக் கட்டம் நிலத்தோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அந்த ஒன்றை நடத்தி முடிப்பதற்கான வழிதான்.

முதலில் பார்க்க வேண்டியது அட்லஸின் மார்ஜின். வரைபடத்தை 'கன்ட்ரோல்டு பை அட்லஸ்' என்று டிக் செய்ததும், 'மார்ஜின் அரவுண்ட் ஃபீச்சர்' 10 விழுக்காடு என்று தானாகவே வந்து உட்காரும். அதாவது உங்கள் பக்கச் சதுரத்தை (ஒரு பக்கத்தில் வர வேண்டிய நிலத்துண்டு, செவ்வகமாகவும் இருக்கலாம்) சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் அது காட்டும். அப்போது வரைபடத்தின் விளிம்பும் பக்கத்தின் விளிம்பும் ஒன்றல்ல. முதல் கட்டம் விளிம்பிலிருந்து தொடங்காமல் சற்று உள்ளே தள்ளித் தொடங்கும், விளிம்பில் அரைகுறைக் கட்டங்கள் தொங்கும். பக்கச் சதுரங்கள் எல்லாம் ஒரே அளவில் இல்லையென்றால் அளவுவிகிதமும் பக்கத்துக்குப் பக்கம் மாறும். 'ஃபிக்ஸ்டு ஸ்கேல்' என்பதற்கு மாற்றிவிடுங்கள். பிறகு வரைபடப் பெட்டியின் அளவைக் கணக்கிட்டு வையுங்கள். 1:10,000 என்றால் நிலத்தில் 500 மீட்டர் காகிதத்தில் 50 மில்லிமீட்டர். பெட்டி 250 x 150 மில்லிமீட்டர் இருந்தால், குறுக்கே ஐந்து, நெடுக மூன்று, மிச்சமில்லாமல் கட்டங்கள் விழும். ஏ4 படுக்கைவாட்டில் தலைப்புக்கும் சின்ன இருப்பிட வரைபடத்துக்கும் அதன்பிறகும் இடம் இருக்கும்.

அடுத்தது தொடக்கப் புள்ளி. பக்கச் சதுரங்களை உண்டாக்கும் 'கிரியேட் கிரிட்' கருவிக்கு ஏதோ ஒரு லேயரின் (தரவு அடுக்கின்) எல்லையை அப்படியே கொடுத்திருப்பீர்கள். சிங்கப்பூரின் வட்டார எல்லைகளைக் காட்டும் மாஸ்டர் பிளான் 2014 சப்ஸோன் லேயரை எடுத்தால், நம் ஊர் ஆய எண்களில் அதன் இடது எல்லை 2667.538 மீட்டர். அங்கிருந்து பக்கங்கள் தொடங்கினால் ஒரு பக்கத்தின் விளிம்புகூட 500-இன் மடங்கில் விழாது. ஆனால் லேஅவுட்டில் (அச்சுப் பக்க வடிவமைப்பில்) உள்ள கட்டக்கோடுகளோ, ஆஃப்செட் (கோடுகளைத் தள்ளிவைக்கும் அளவு) எதுவும் தராதபோது, 500-இன் மடங்குகளில்தான் வரும். இரண்டும் எப்படிச் சேரும்? எல்லையைக் கையால் தட்டுங்கள்: மேற்கே 2500, கிழக்கே 57500, தெற்கே 15000, வடக்கே 51000. 2500 x 1500 மீட்டர் பக்கங்களாக வெட்டினால் 22 நெடுவரிசை, 24 கிடைவரிசை, மொத்தம் 528 சதுரங்கள். பல சதுரங்களில் கடலும் ஜொகூரும் தவிர ஒன்றும் இராது. நிலத்தைத் தொடாதவற்றை 'எக்ஸ்ட்ராக்ட் பை லொகேஷன்' கொண்டு கழித்துவிடுங்கள். இந்தக் கருவி எண்களை மேலிருந்து கீழாக, ஒவ்வொரு நெடுவரிசையாக இடும். புத்தகம் புரட்டுபவர் இடமிருந்து வலமாக அல்லவா எதிர்பார்ப்பார்? ஆகவே கிடைவரிசைகளை வடக்கிலிருந்து தெற்காகவும், ஒவ்வொன்றிலும் மேற்கிலிருந்து கிழக்காகவும் வரிசைப்படுத்திப் பக்க எண்ணை ஒரு தனிப் புலத்தில் நீங்களே எழுதிவைப்பது நல்லது. அட்லஸ் தருகிற வரிசை எண்ணை நம்ப வேண்டாம். சோதனைக்காக இரண்டு பக்கங்களை மட்டும் ஃபில்டர் செய்தாலே அது மறுபடி 1-இலிருந்து தொடங்கிவிடும்.

இப்போது வருவதுதான் சிங்கப்பூரில் மிகவும் ஏமாற்றும் கோளாறு. புராஜெக்டைத் திறந்ததும் முதலில் ஒன்மேப் அல்லது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பின்னணியை இழுத்துப் போடுவது எல்லாருக்கும் பழக்கம். முதலில் வரும் லேயரின் ஆயமுறையையே (இடங்களை எண்களால் குறிக்கும் முறை, சிஆர்எஸ்) புராஜெக்ட் எடுத்துக்கொள்ளும். அது இணைய வரைபடங்களின் வெப் மெர்காட்டர், இபிஎஸ்ஜி பட்டியலில் அதன் எண் 3857. நம் ஊருக்கு உரியது எஸ்விஒய்21, இபிஎஸ்ஜி 3414. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம், மெர்காட்டர் இங்கே அவ்வளவாகத் திரியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. கிழக்கு மேற்காகப் பார்த்தால் பிழை 0.03 விழுக்காட்டுக்குள் அடங்கும். துவாஸிலிருந்து சாங்கி வரை போனாலும் 1:10,000-இல் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகாது, கண்ணில் படாது. வடக்கு தெற்காக அப்படியில்லை. வெப் மெர்காட்டர் பூமியை முழுக் கோளமாகக் கொண்டு கணக்குப் போடுகிறது. உண்மையில் பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது. அதனால் நம் இடத்தில் வடக்கு தெற்கு நீளம் 0.7 விழுக்காடு நீண்டுவிடுகிறது.

சிறிய எண்தான். ஆனால் ஒரு பக்கத்தின் 1500 மீட்டருக்கு அது 10 மீட்டர், காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர். ஒரு மூலையில் ஆஃப்செட் கொடுத்துப் பொருத்திவிட்டு 24 கிடைவரிசை தாண்டிப் போனால் 25 மில்லிமீட்டர், அதாவது அரைக் கட்டம். தெற்கே செந்தோசாவில் எல்லாம் சரியாக இருக்கும், செம்பவாங் போகும்போது எண்கள் கட்டத்தைவிட்டு நகர்ந்திருக்கும். எழுத்துகள் எல்லாப் பக்கத்திலும் நேராக நின்று, எண்கள் மட்டும் நழுவினால் வேறு எங்கும் தேட வேண்டாம், காரணம் இதுதான். புராஜெக்ட், பக்கச் சதுர லேயர், லேஅவுட்டில் உள்ள கட்டத்தின் சிஆர்எஸ் ஆகிய மூன்றையும் 3414 ஆக்குங்கள். மூன்றாவது தனியாக ஒரு பொத்தானில் ஒளிந்திருக்கிறது, புராஜெக்டை மாற்றினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கோடே வரவில்லை என்றால் கட்டம் பாகையில் அளக்கும் 4326-இல் இருக்கும். அங்கே 500 என்பது 500 பாகை!

இனி எழுத்துகள். கியூஜிஐஎஸ் ஆய எண்ணைக் கோட்டின்மீதுதான் எழுதும். ஆய எண்ணுக்கு அதுதான் சரி. ஆனால் ஏ, பி, சி கோட்டின் பெயரல்ல, இரண்டு கோட்டுக்கு நடுவே உள்ள கட்டத்தின் பெயர். அதற்கு ஒரே வரைபடத்தில் இரண்டு கட்டங்கள் வையுங்கள். முதலாவது வெறும் கோடு, எழுத்தில்லாமல். இரண்டாவதின் வகையை 'ஃப்ரேம் அண்ட் அனோட்டேஷன்ஸ் ஒன்லி' என்று வைத்து, இடைவெளி அதே 500, ஆஃப்செட் இரு திசையிலும் 250. எழுத்து கட்டத்தின் நடுவில் வந்து நிற்கும். இன்னொரு ஆதாயமும் உண்டு. எழுத்தைக் கணக்கிடும் இடம் கட்டத்தின் நடுப்புள்ளி என்பதால், தசமப் பிழையில் ஒரு கட்டம் முன்னே பின்னே தாவும் தொல்லை அறவே இல்லை.

வடிவத்தை 'கஸ்டம்' ஆக்கி, சூத்திரத்தில் இப்படிக் கணக்கிடச் சொல்லுங்கள். அச்சு எக்ஸ் என்றால், கட்ட எண்ணிலிருந்து அட்லஸ் சதுரத்தின் இடது விளிம்பைக் கழித்து, 500-ஆல் வகுத்து, கீழ்முழுமையாக்கி, ஒன்று கூட்டி, எழுத்து வரிசையில் அத்தனையாவது எழுத்தை எடு. அச்சு ஒய் என்றால், சதுரத்தின் மேல் விளிம்பிலிருந்து கட்ட எண்ணைக் கழித்து அதே வகுத்தல். மேலிருந்து கழிப்பது முக்கியம். மாற்றிக் கழித்தால் 1 கீழே வந்துவிடும், அட்டவணை தலைகீழாகும். வடிவமைக்கும்போது எழுத்துகள் காணாமல் போனால் பதற வேண்டாம். அட்லஸ் முன்னோட்டத்தை இயக்கினால்தான் அந்தச் சதுரம் கணக்குக்குக் கிடைக்கும்.

பக்கத்துக்குப் பக்கம் ஏ-யிலிருந்து தொடங்குவதா, தீவு முழுக்க ஒரே ஓட்டமா? தீவு முழுக்க என்றால் 110 நெடுவரிசைக்கு எழுத்து போதாது, ஏஏ, ஏபி என்று போக வேண்டும். காகிதத்தில் படிக்க அது பரவாயில்லை. வாக்கிடாக்கியில் பி, டி, ஈ, ஜி, சி எல்லாம் ஒரே சத்தமாகக் கேட்கும், இரட்டை எழுத்து வந்தால் தொலைந்தோம். பக்க எண்ணும் ஐந்தே எழுத்தும் போதும் என்பது என் கட்சி. பெரிய பக்கம் போட்டு எழுத்து கூடினால், ஐ, ஓ இரண்டையும் விட்டுவிடுங்கள். ஒன்றும் சுழியமுமாகப் படிப்பார்கள்.

அட்டவணை தவறுவதற்குக் காரணம் வேறு. ஓரத்து எழுத்து ஒரு கணக்கில், அட்டவணை இன்னொரு கணக்கில் வருகிறது. அதே எல்லையில் 500 மீட்டருக்கு இரண்டாவது சதுர லேயர் ஒன்று செய்து, ஒவ்வொரு கட்டத்திலும் பக்க எண், எழுத்து, எண் மூன்றையும் சேர்த்து ஒரு புலத்தில் எழுதிவையுங்கள். அட்டவணை அதிலிருந்து மட்டுமே வரட்டும். புளோக்குகளை 'ஜாயின் ஆட்ரிபியூட்ஸ் பை லொகேஷன்' மூலம் இணைத்தால் போதும். இந்த லேயரின் குறியீடுகளை மெல்லிய சாம்பல் நிறத்தில் வரைபடத்தின்மேல் போட்டு, ஓரத்து எழுத்தோடு பொருந்துகிறதா என்று நான்கு மூலைப் பக்கங்களையும் நடுவில் ஒரு பக்கத்தையும் பாருங்கள். பொருந்தினால் சாம்பலை அணைத்துவிடலாம்.

சாலைகளில் மட்டும் கொஞ்சம் தலையிட வேண்டியிருக்கும். பிஐஇ (தீவைக் குறுக்கே கடக்கும் விரைவுச்சாலை) 42.8 கிலோமீட்டர், அது தொடும் கட்டத்தையெல்லாம் அட்டவணையில் போட்டால் அரைப்பக்கம் அதற்கே போகும். விரைவுச்சாலைகளுக்கு நுழைவாயில்களின் கட்டம் போதும். கட்டக்கோட்டின்மேலேயே ஓடும் சாலை இரு பக்கக் கட்டங்களிலும் சேர்ந்துகொள்ளும். அது தவறல்ல, தேடுபவருக்கு உதவிதான். ஆனால் கோட்டின்மேல் விழும் ஒரு புளோக்குக்கு ஒரே குறியீடுதான் வேண்டும், முதல் பொருத்தத்தை மட்டும் எடுக்கும் தேர்வை டிக் செய்யுங்கள்.

அலுவலகத்தில் ஆர்க்ஜிஐஎஸ் புரோ என்ற வேறொரு வரைபட மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு: அங்குள்ள ரெஃபரன்ஸ் கிரிட் சட்டகத்தை இத்தனை பங்காக வெட்டும் காகிதக் கட்டம். பார்க்க அழகாக வரும். அட்லஸுக்கு நிகரான மேப் சீரிஸ், பக்கத்துக்கேற்ப அளவை மாற்றும் 'பெஸ்ட் ஃபிட்'டில் இருந்தால் ஒரு பக்கத்தில் கட்டம் 400 மீட்டர், அடுத்ததில் 620 என்று ஆகலாம். கிரிட் இண்டெக்ஸ் ஃபீச்சர்ஸ் கருவியை ஒரே தொடக்கப் புள்ளியில் இரண்டு முறை ஓட்டுங்கள், ஒன்று பக்கத்துக்கு, ஒன்று கட்டத்துக்கு. கட்ட லேயருக்குப் பேஜ் குவெரி (பக்கவாரியான வடிகட்டி) போட்டால் அந்தந்தப் பக்கத்தின் கட்டங்கள் மட்டும் தெரியும்.

அச்சுக்கு அனுப்பும்போது பிரிண்டரில் 'ஃபிட் டு பேஜ்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கத்தை எடுத்து ஸ்கேல் வைத்து அளந்தால் கட்டம் 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 48 வந்தால் லேஅவுட்டைத் தொடாதீர்கள், பிரிண்டர் அமைப்பைச் சரிசெய்யுங்கள்.