ஏசியா ஜன்னலான்னு அப்புறம் பாப்போம், வாப்பாவுக்கு பேச்சு ஏன் மாறுச்சு?

தம்பி, உங்க கடுதாசி ரெண்டு பக்கம், கேள்வி மொத்தம் பதினொண்ணு. கார்ல ஏசி போட்டா சளி புடிக்குமா, ஜன்னல் காத்து மூஞ்சில அடிச்சா முகவாதம் வருமா, டேஷ்போர்டுல இருந்து விஷம் வருதாமே, மைலேஜுக்கு எது நல்லதுன்னு நம்பர் போட்டு கேட்டுட்டு, ஒம்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவுல பேச்சுவாக்குல சொல்ற மாதிரி ஒரு வரிய சொருகி வச்சிருக்கீங்க. மதுரையில ஜவுளி எடுத்துட்டு கீழக்கரைக்கு திரும்புறப்ப, மத்தியானம் ரெண்டு மணி வாக்குல, சத்திரக்குடி கிட்ட வாப்பா மாத்தி மாத்தி பேசுனாங்க, "கொழும்பு கடைய பூட்டியாச்சா"ன்னு கேட்டாங்க, டீக்கடையில நிறுத்தி மூஞ்சி கழுவிவிட்டு சோடா குடுத்ததும் சரியாயிட்டாங்கன்னு.

கொழும்பு கடைய வித்து முப்பது வருஷம் ஆச்சுன்னு நீங்களே பக்கத்துல எழுதியிருக்கீங்க. எழுபத்திரெண்டு வயசு மனுஷன், பிபிக்கு நீர் மாத்திரை சாப்பிடுறவர், கொளுத்துற வெயில்ல காரோட போயிட்டு இருக்கும்போது எந்த ஊரு எந்த காலம்னே தெரியாம பேசியிருக்காரு. உங்க பதினொரு கேள்வியில எனக்கு தூக்கம் கெடுக்கிற விஷயம் அது ஒண்ணுதான். உங்களுக்கும் அதுதான் பயம்னு நினைக்கிறேன், நேரா கேக்க மனசு வராம ஏசிய சுத்தி வந்திருக்கீங்க.

வெயில்ல தலை சுத்தலாம், வாந்தி வர்ற மாதிரி இருக்கலாம், கெண்டைக்கால் இழுக்கலாம், உடம்பு அசந்து போகலாம். இதெல்லாம் உடம்பு "போதும்டா"ன்னு சொல்றது, நெழல்ல உக்காந்து உப்பும் தண்ணியும் உள்ள போனா அரை மணி நேரத்துல தெளிஞ்சுரும். ஆனா பேச்சு மாறுனா, ஆள் அடையாளம் தெரியலைன்னா, சம்பந்தமில்லாம கோவப்பட்டா, கூப்பிட்டா மந்தமா முழிச்சா, அது வேற கணக்கு. மூளைக்கு சூடு ஏறிருச்சுன்னு அர்த்தம். உடம்போட உள்சூடு 40 டிகிரி செல்சியஸ் தாண்டி மூளையும் தடுமாறுனா அதுக்கு பேருதான் ஹீட் ஸ்ட்ரோக், அதுல போற ஒவ்வொரு நிமிஷமும் கிட்னி, லிவர், மூளைன்னு எல்லாத்தையும் சேத்து வேக வைக்குது. வேர்வை நின்னு தோல் காஞ்சு போனாத்தான் ஹீட் ஸ்ட்ரோக்குன்னு எங்கயோ படிச்சதா எழுதியிருக்கீங்க, அத நம்பி உக்காந்திருக்காதீங்க, வேர்த்து ஊத்திக்கிட்டே ஹீட் ஸ்ட்ரோக் வந்தவங்கள நானே பாத்திருக்கேன். தோலப் பாக்காதீங்க, பேச்சப் பாருங்க.

வாப்பாவுக்கு அன்னிக்கு வந்தது முழு ஹீட் ஸ்ட்ரோக்கா இருந்திருந்தா சோடாவுக்கு சரியாயிருக்காது. அதோட வாசப்படி வரைக்கும் போயிட்டு வந்திருக்கலாம், இல்ல ரத்தத்துல சோடியம் இறங்கியிருக்கலாம், இல்ல மூளைக்கு போற ரத்தம் கொஞ்ச நேரம் தடைபட்டு திரும்ப ஓடியிருக்கலாம். மூணுல எதுன்னு எழுத்தப் பாத்து சொல்ல நான் ஜோசியக்காரன் இல்ல. ஆனா மூணுமே "சரியாயிருச்சுல்ல, விடுங்க"ன்னு விடுற விஷயம் இல்ல.

அதுல சோடியம் மேலதான் எனக்கு சந்தேகம் அதிகம். பிபிக்கு குடுக்கிற ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் மாதிரி நீர் மாத்திரைங்க ஒண்ணுக்கு வழியா தண்ணியோட உப்பையும் சேத்து வெளியேத்தும். அது பாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும்போது, வெயில் காலம்னு வேர்வையில வேற உப்பு போகுது, பிபின்னு சாப்பாட்டுல உப்பையும் குறைச்சாச்சு, அதுக்கு மேல "நெறைய தண்ணி குடிங்க"ன்னு எல்லாரும் சொல்றதக் கேட்டு வெறும் தண்ணியா நாலு லிட்டர் அஞ்சு லிட்டர் ஊத்துனா, 135ல இருந்து 145க்குள்ள இருக்க வேண்டிய சோடியம் பாதாளத்துக்கு போயிரும். வயசானவங்க அப்பத்தான் கடைய பூட்டியாச்சா, மாட்ட கட்டியாச்சான்னு கேப்பாங்க. வீட்டுல இருக்கவங்க வயசாயிருச்சு, புத்தி தடுமாறுதுன்னு முடிவு கட்டிருவாங்க. ஒரு ரத்த டெஸ்ட்டுல தெரியுற சமாச்சாரம் இது.

நீங்க என்ன பண்ணியிருக்கீங்க, நெட்டுல தேடி, நீர் மாத்திரை வெயில்ல ஆகாதுன்னு பாத்து, அன்னையில இருந்து அந்த மாத்திரைய நிறுத்திட்டீங்க! அரை உண்மை முழுப் பொய்ய விட மோசம் தம்பி. வெயில் காலத்துல அந்த டோஸ குறைக்க வேண்டி வரலாம், மாத்திரைய மாத்தவும் வேண்டி வரலாம், ஆனா பிபி பாத்து, சோடியமும், கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினினும் பாத்து டாக்டர் பண்ற வேலை அது. நீங்களா நிறுத்துனா வெயில்ல இருந்து காப்பாத்துன மனுஷனுக்கு பிபி ஏறி பக்கவாதம் வரலாம். அப்புறம் அன்னிக்கு டீக்கடையில பாராசிட்டமால் ஒண்ணு போட்டுவிட்டீங்களாம். காய்ச்சல் மாத்திரை காய்ச்சலுக்குத்தான். கிருமி வந்து உடம்பே தன் சூட்ட ஏத்தி வச்சா அத இறக்கும், வெளிச்சூடு உள்ள ஏறுனதுக்கு அது ஒரு துளி வேலை செய்யாது, அந்த நேரத்துல லிவருக்கு கூடுதல் சுமைதான்.

சரி, அந்த நாளுக்கே வருவோம். வாப்பாவுக்கு முட்டிவலி, கடை கடையா ஏற முடியாதுன்னு கார்லயே உக்கார வச்சிட்டு, கண்ணாடிய ரெண்டு விரக்கடை இறக்கிவிட்டுட்டு போனோம், முக்கா மணி நேரம் ஆயிருச்சுன்னு எழுதியிருக்கீங்க. விஷயம் அங்கயே ஆரம்பிச்சிருச்சு. வெயில்ல நிக்கிற கார் அடுப்புதான். முதல் பத்து நிமிஷத்துலயே உள்ள பத்து டிகிரி போல ஏறிரும், வெளிய 37 இருந்தா முக்கா மணி நேரத்துல உள்ள 50 தாண்டி நிக்கும். ரெண்டு விரக்கடை கண்ணாடி இறக்கி வைக்கிறதால பெரிய வித்தியாசம் ஒண்ணும் வராது, இத அளந்தே பாத்திருக்காங்க. பெரியவரானதால சமாளிச்சு வெளிய வந்திருக்காரு, இதே இடத்துல பேரப்புள்ளைய தூங்குதுன்னு விட்டுட்டு போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிங்க, குழந்தை உடம்பு பெரியவங்கள விட மூணுல இருந்து அஞ்சு மடங்கு வேகமா சூடேறும். நிறுத்தின கார்ல யாரையும் விட்டுட்டு போகாதீங்க, அஞ்சு நிமிஷம்கூட.

அந்த அடுப்புல வெந்தவர, ஏசி வேணாம் காத்து வரட்டும்னு அவர் சொன்னாருன்னு ஜன்னல தொறந்து விட்டே நூறு கிலோமீட்டருக்கு மேல கூட்டிட்டு வந்திருக்கீங்க. அவரு சொன்னதுல தப்பில்ல. கடக்கரையில வளந்த மனுஷன், கச்சான் காத்துக்கு பழகுன உடம்பு. நம்ம கரையில வேர்வை தோல்ல நின்னு வழியும், காயாது, காயாத வேர்வை உடம்ப குளுத்தாது, அப்ப ஜன்னல் காத்து அடிச்சா அது காஞ்சு சுகமா இருக்கும். கீழக்கரையில இருந்து ஏர்வாடி, சாயல்குடின்னு கடலோரமா போற ரோட்டுல காலையிலயும் சாயங்காலமும் நானும் ஜன்னல தொறந்துதான் போறேன், வாலிநோக்கம் பக்கம் உப்பளத்து காத்து உள்ள வந்தா எனக்கு ஏசி எதுக்குன்னு இருக்கும். ஆனா உங்க ரோடு அது இல்லையே. மானாமதுரை, பார்த்திபனூர், பரமக்குடின்னு பொட்டக்காட்டு வழியா வர்ற ரோடு, மத்தியானம் ரெண்டு மணிக்கு அங்க அடிக்கிறது அனல். நம்ம தோலோட சூடு 35 டிகிரிதான், அதவிட சூடான காத்து மேல பட்டா அது உடம்புக்குள்ள சூட்ட ஏத்துது. வேர்வை காயுறதால கொஞ்ச தூரம் ஈடு கட்டும், ஒரு அளவுக்கு மேல கட்டாது. 40 டிகிரி தாண்டுனா ஃபேன் காத்தே நல்லதில்லன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, வயசானவங்களுக்கு வேர்வையே கம்மியா சுரக்கும், அதனால அவங்களுக்கு 38லயே அந்த கோடு வந்துரும். இன்னொரு ஏமாத்து என்னன்னா, வறண்ட காத்துல வேர்வை வந்த வேகத்துல காஞ்சுரும், சட்டை நனையாது, "எனக்கு வேர்க்கவே இல்லையே"ன்னு உக்காந்திருப்பாங்க, உள்ள தண்ணி வத்திக்கிட்டே இருக்கும்.

அதனால என் கணக்கு இதுதான். பத்து மணியில இருந்து நாலு மணி வரைக்கும், கடல விட்டு உள்ள போற ரோட்டுல, வயசானவங்களோ கைக்குழந்தையோ கார்ல இருந்தா ஏசிதான். ஏறுறதுக்கு முன்னாடி நாலு கதவையும் கொஞ்ச நேரம் தொறந்து வைங்க, ஏறுனதும் கதவ மூடிட்டு கண்ணாடிய முழுசா இறக்கி ரெண்டு மூணு நிமிஷம் ஓட்டுங்க, உள்ள கிடக்கிற சூடு வெளிய போகட்டும், அப்புறம் ஏத்திட்டு ஏசிய போடுங்க. 25, 26ல வச்சா போதும், ஐஸ் பெட்டியாக்க வேண்டாம். வாப்பா சண்டை போட்டா டாக்டர் சொன்னாருன்னு என் மேல பழிய போடுங்க.

மறுபடி எப்பவாவது பேச்சு மாறுனா என்ன பண்ணணும்னு சொல்றேன், வண்டி ஓட்டுற எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கங்க. சந்தேகமா இருந்தா நாம எந்த ஊரத் தாண்டி வர்றோம், வண்டி ஓட்டுறது யாருன்னு கேளுங்க. பதில் தப்பா வந்தா 108க்கு போன போடுங்க. அப்பவே வாய் ஒரு பக்கம் கோணுதா, ஒரு கை தூக்க முடியலையான்னு பாருங்க, அப்படி இருந்தா அது பக்கவாதம், ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரந்தான் கெடு, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு குறிச்சு வச்சு போற ஆஸ்பத்திரில சொல்லுங்க. கை வாய் சரியா இருந்து உடம்பு அனலா கொதிச்சா ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கைய கட்டி நிக்காதீங்க. நெழல் பாத்து நிறுத்தி, சட்டைய கழட்டி, கேன் தண்ணிய தலையில இருந்து கால் வரைக்கும் ஊத்துங்க, கைலியையும் நனைங்க, விசிறுங்க. சூடான உடம்புல பச்சத்தண்ணி ஊத்துனா ஜன்னி வந்துரும்னு கூட்டத்துல ஒரு பெருசு கட்டாயம் தடுக்கும், அவர தள்ளி நிக்க சொல்லுங்க. ஐஸ் கிடைச்சா துணியில சுத்தி கழுத்து, அக்குள், தொடை இடுக்குல வைங்க, நம்ம பக்கம் ஐஸுக்கா பஞ்சம், மீன் பெட்டி ஏத்திட்டு போற வண்டிய கைகாட்டி நிறுத்துனா அள்ளி குடுப்பாங்க. ஆம்புலன்ஸுக்கு நேரமாகும்னா நீங்களே ஆஸ்பத்திரிக்கு விடுங்க, அப்ப வேணா ஏசிய முழுசா வச்சுட்டு ஜன்னலையும் தொறந்து விடுங்க, ஈர உடம்பு மேல காத்து படணும், அந்த நேரத்துல அதுதான் மருந்து. சத்திரக்குடியில நின்னா முன்னாடி ராமநாதபுரம் ஜிஎச், பின்னாடி பரமக்குடி ஜிஎச், எது கிட்டயோ அங்க. நினைவு சரியில்லாதவர் வாயில சோடா, குளுக்கோஸ் எதையும் ஊத்தாதீங்க, புரை ஏறி நுரையீரலுக்கு போயிரும். அன்னிக்கு போகல, அது உங்க அதிர்ஷ்டம்.

மத்த கேள்விங்கள வேகமா முடிச்சுர்றேன். ஜன்னல் காத்துல முகவாதம் வராது, அது முக நரம்பு வீங்குறதால வர்றது, யாருக்காவது வந்தா காத்த திட்டாம மூணு நாளைக்குள்ள டாக்டர்ட்ட போங்க, மாத்திரைக்கு பலன் அப்பத்தான். ஏசியால சளி புடிக்காது, சளி வைரஸால வர்றது. ஏசி போட்டதும் புழுங்குன நாத்தம் வந்தா ஃபில்டர்ல பூஞ்சை இருக்கு, மாத்துங்க, ஆஸ்துமா இருக்கவங்களுக்கு அது ஆகாது. டேஷ்போர்டுல இருந்து பென்சீன்ங்கிற விஷம் வருதுங்கிற மெசேஜு பத்து வருஷத்துக்கு மேல சுத்திக்கிட்டு இருக்கு, அதுல ஒரு சதுர அடிக்கு இத்தனை மில்லிகிராம்னு போட்டிருக்கும் பாருங்க, காத்த சதுர அடியில அளக்க அது என்ன வீட்டு மனையா? பென்சீனுக்கு பயந்தா சிகரெட்ட விடுங்க, பெட்ரோல் போடும்போது குழாய்க்கு பக்கத்துல நின்னு மோந்துக்கிட்டு இருக்காதீங்க. மைலேஜ் என் டிபார்ட்மென்ட் இல்ல, ஊருக்குள்ள மெதுவா போறப்ப ஜன்னல் லாபம், நாலு வழிச்சாலையில விரட்டுறப்ப காத்து வண்டிய பின்னாடி இழுக்கும், அவ்வளவுதான் எனக்கு தெரிஞ்சது.

ஏசியில ஓட்டுனா தூக்கம் வருதுங்கிறது மட்டும் நல்ல கேள்வி. ஏழு பேர அடைச்சு, உள்காத்தையே திரும்பத் திரும்ப சுத்தவிடுற பட்டன அமுக்கி வச்சு ரெண்டு மணி நேரம் ஓட்டுனா, எல்லாரும் விட்ட மூச்சுதான் உள்ள சுத்தும், கார்பன் டை ஆக்சைடு சேந்து கண்ணு சொக்கும். அரை மணிக்கு ஒருக்கா வெளிக்காத்து பட்டன போட்டுவிடுங்க. தூக்கம் வந்தா ஓரங்கட்டி தூங்குங்க, ஆனா இன்ஜின ஓடவிட்டு ஏசிய போட்டு கண்ணாடிய ஏத்திட்டு தூங்காதீங்க, புகைக்குழாயில ஓட்டை இருந்தா கார்பன் மோனாக்சைடு உள்ள வரும், அதுக்கு மணமும் கிடையாது.

ஓஆர்எஸ் பாக்கெட்ட ஒரு டம்ளர்ல கரைச்சு குடுக்குறதா எழுதியிருந்தீங்க. ஒரு லிட்டர் பாக்கெட்டுன்னா ஒரு லிட்டர் தண்ணிதான், அள்ளி கரைச்சா உப்பு எகிறிரும். பிபிக்காரருக்கு அது தினமும் குடிக்கிற சர்பத்தும் இல்ல. சாதா நாள்ல உப்பு கம்மியா போட்ட நீர்மோர், நுங்கு போதும்.

இப்ப வேலை. இந்த வாரத்துக்குள்ள வாப்பாவ அவர வழக்கமா பாக்கிற டாக்டர்ட்ட கூட்டிட்டு போங்க, சத்திரக்குடியில நடந்தத முதல் வரியா சொல்லுங்க, பத்தாவது கேள்விக்கு முன்னாடி ஒளிச்சு வைக்காதீங்க. சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின், சுகர், ஒரு ஈசிஜி, படுக்க வச்சு ஒருக்கா நிக்க வச்சு ஒருக்கா பிபி. தலை ஸ்கேன், கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன் வேணுமான்னு அவரு முடிவு பண்ணுவாரு. நடுவுல ஒரு நாள் பேச்சு மறுபடி மாறுனா வாரமெல்லாம் பாக்காதீங்க, அப்பவே கிளம்புங்க. சாப்பிடுற மாத்திரை அட்டை அத்தனையும் ஒரு பையில போட்டு கொண்டு போங்க, நிறுத்தி வச்சிருக்கிற நீர் மாத்திரையும், முட்டிவலிக்கு கடையில வாங்கிப் போடுற மாத்திரையும் சேத்து. அந்த முட்டிவலி மாத்திரைய பத்தி நீங்க ஒரு வார்த்தை எழுதல, ஆனா முட்டிவலிக்காரர் வீட்டுல அது இல்லாம இருக்காது. நீர் மாத்திரையோட சேந்தா கிட்னிய அடிக்கிறதுல அதுதான் முதல் ஆளு.