ஆலோசகர் ஆவது – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 37. கோவில்பட்டியில் ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருக்கிறேன். உறவினர்களுக்கோ உடன் வேலை செய்பவர்களுக்கோ ஒரு சிக்கல் என்றால் முதலில் என்னிடம்தான் வருவார்கள். நான் சொல்லும் வழி பெரும்பாலும் பலிக்கிறது என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு உளவியல் படித்து ஆலோசகராகலாமா என்று யோசிக்கிறேன். கணித ஆசிரியராக இருந்த நீங்கள் இத்துறைக்கு எப்படி வந்தீர்கள்? ஆலோசனை சொல்லும் திறமை பிறவியிலேயே வருவதா, படித்து வருவதா?

க., கோவில்பட்டி

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் சொல்லும் அந்தத் திறமை என்னிடமும் தாராளமாக இருந்தது. இத்தொழிலுக்கு வந்த பிறகு நான் முதலில் கைவிட வேண்டியிருந்ததும் அதுதான்.

திருநெல்வேலிக்கு அருகே ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் 19 ஆண்டுகள் கணிதம் கற்பித்தேன். ஆசிரியர்களுக்கான மூன்று நாள் உளவியல் பயிற்சி ஒன்றுக்குத் தலைமையாசிரியர் ஆள் தேடியபோது, பள்ளிக்குப் போகாவிட்டாலும் பணியில் இருந்ததாகவே கணக்காகும் ஓ.டி. கிடைக்கும் என்பதற்காகவே பெயர் கொடுத்தேன். அழைப்பு, தேடல் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள என்னிடம் எதுவுமில்லை. அங்கே பிடித்த ஆர்வத்தில் தொலைதூரக் கல்வியில் முதுகலை முடித்து, பிறகு வார இறுதிகளில் மதுரைக்குச் சென்று இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெற்றேன்.

அந்தப் பயிற்சியில், உடன் பயிலும் ஒருவரோடு அவருடைய உண்மையான பிரச்சினை ஒன்றைப் பற்றிப் பேசி, அதை அவர் சம்மதத்துடன் ஒலிப்பதிவு செய்து, மௌனம் உட்பட ஒன்றுவிடாமல் எழுதி எடுத்துவர வேண்டும். மகன் படிப்பதில்லை என்ற கவலையை ஓர் அம்மையார் என்னிடம் சொன்னார். நான் எழுதிக் கொண்டுபோனதைப் பயிற்சியாளர் வாசிக்கவே இல்லை. வரிகளை மட்டும் எண்ணச் சொன்னார். அம்மையார் பேசியது 38 வரி, நான் பேசியது 91. அவருடைய மூன்றாவது வரியில், “வீட்ல இப்ப யாரும் யார்கிட்டயும் பேசிக்கறதில்ல” என்று இருந்தது. அதற்கு அடுத்த என்னுடைய வரியில், காலை ஐந்து மணிக்குத் தொடங்கும் ஒரு கால அட்டவணை இருந்தது.

அதே கால அட்டவணையை, சில ஆண்டுகளுக்கு முன் பிளஸ் ஒன் மாணவன் ஒருவனுக்கும் என் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தேன். “படிக்க உக்காந்தா மனசு நிக்க மாட்டேங்குது சார்” என்று வந்து நின்றவன் அவன். அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே பள்ளியிலிருந்து நின்றுவிட்டான். மனம் ஏன் நிற்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை தெரியாது, ஏனெனில் நான் கேட்கவில்லை.

இந்த இடத்தில் கார்ல் ரோஜர்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1902இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். வேளாண்மை படிக்கச் சென்று, மதபோதகராகும் எண்ணத்தில் நியூயார்க்கின் இறையியல் கல்லூரியில் சேர்ந்து, அங்கிருந்து கொலம்பியா பல்கலைக்கழகத்திற்கு மாறி உளவியலாளர் ஆனவர். 1928 முதல் 12 ஆண்டுகள் ராச்செஸ்டர் நகரில் குழந்தைகளுக்கான அமைப்பொன்றில் பணியாற்றினார். அப்போது, அடங்காத ஒரு சிறுவனின் தாயிடம், சிக்கலின் வேர் அவர் மகனைச் சிறுவயதில் ஒதுக்கியதில் இருக்கிறது என்பதைப் பல சந்திப்புகளில் பக்குவமாக உணர்த்தப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. முயன்றோம், பலனில்லை, நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அந்தத் தாயும் ஒப்புக்கொண்டு, கைகுலுக்கிவிட்டு, வாசல்வரை சென்று திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா என்று கேட்டார். மீண்டும் வந்து அமர்ந்து, தன் மணவாழ்வின் துயரத்தையும் தோல்வியுணர்வையும் கொட்டித் தீர்த்தார்; ரோஜர்ஸ் அதுவரை திரட்டிவைத்திருந்த விவரங்களில் அவை எதுவும் இல்லை. உண்மையான சிகிச்சை அன்றுதான் தொடங்கியது என்றும், எங்கே வலிக்கிறது என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்பதை அன்று கற்றேன் என்றும் அவர் பின்னாளில் எழுதினார். எட்டு அமர்வுகளின் உரையாடலை ஒலித்தட்டுகளில் பதிந்து, சொல்லுக்குச் சொல் எழுத்தாக்கி, 1942இல் தம் நூலில் முழுமையாக வெளியிட்டவரும் அவரே. என் 91 வரிகளுக்கு அவர்தான் ஒருவகையில் பொறுப்பு.

நம் சொல்லும் கொஞ்சம் தடம் மாற்றிவிடுகிறது. தமிழ்நாட்டில் கவுன்சிலிங் என்றாலே பொறியியல் கல்லூரி இடம்தான் நினைவுக்கு வரும். அதைத் தமிழாக்கி ஆலோசனை என்றால், ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டுக்கொள்வது என்று பொருளாகிவிடுகிறது. இலங்கைத் தமிழர்கள் இதை உளவளத்துணை என்கிறார்கள். போரில் எல்லாவற்றையும் இழந்து வந்து அமர்ந்தவர்களிடம் எந்த ஆலோசனையைச் சொல்லியிருக்க முடியும்? துணையாக இருப்பதே அங்கே முழுநேர வேலையாக இருந்திருக்கும். ஆகவே, நீங்கள் சொன்ன வழி பலித்தது என்று வந்து சொன்னவர்களை எண்ணும்போது, பலிக்காமல் போனவர்கள் உங்களிடம் திரும்பி வரவில்லை என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். ஆலோசகர் என்று பலகை மாட்டுவதை நடைமுறையில் தடுப்பவர் எவருமில்லை. ஆறு வாரச் சான்றிதழை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். நேரில் ஆட்களைப் பார்க்கவைத்து, மூத்தவர் ஒருவர் அதைத் தொடர்ந்து மேற்பார்வையிடும் படிப்பாகத் தேடுங்கள். அதற்கு முன்பே ஒருமுறையாவது உதவி கேட்டு வருபவராக ஓர் ஆலோசகர் எதிரில் அமருங்கள். ரோஜர்ஸே 1940களின் இறுதியில், ஒரு பெண்ணுக்குச் சிகிச்சையளிக்கும்போது தாமே நிலைகுலைந்து, அவரை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு மனைவியோடு ஊரைவிட்டுப் போனார். சில மாதங்கள் கழித்துத் திரும்பியதும் தம்முடன் பணியாற்றிய ஒருவரிடமே சிகிச்சைக்கு அமர்ந்தார். நான் பதினான்கு முறை அமர்ந்தேன். முதல் மூன்றில் என் ஆலோசகருக்கு நான் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

வங்கி வேலையை இப்போதைக்கு விட வேண்டாம். எனக்கு முதல் ஆண்டில் மொத்தம் ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களில் நால்வர் இரண்டாம் முறை வரவில்லை.