‘அக்ஸசிபிலிட்டி’ துறைக்குத்தான் போவேன் என்கிறாள் மகள்: சம்மதிக்கலாமா?

கேள்வி: மகள் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு முடிக்கப் போகிறாள். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி செயலிகளை வடிவமைக்கும் வேலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். நல்ல மனசுதான். ஆனால் இதில் சம்பளம் வருமா? என்ன படிக்க வேண்டும்? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டையும் இதிலேயே செய்யப் போகிறாளாம். விடலாமா?

பதில்: விடலாம். ஆனால் இதைத் தான தர்மக் கணக்கில் சேர்க்காதீர்கள். நிறுவனங்கள் தட்டிக்கழிக்க முடியாதபடி சட்டம் நெருக்கிக்கொண்டு வருகிற வேலை இது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் கட்டிடமும் இணையதளமும் எப்படி இருக்க வேண்டும் என்ற தர விதிகள் வெறும் பரிந்துரையாகவே பார்க்கப்பட்டன. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அது போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்றது. 2025 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பு. வங்கிக் கணக்கு தொடங்கக் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னால், பார்வையற்றவரும் ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவரும் என்ன செய்வார்கள் என்பதுதான் வழக்கு. டிஜிட்டல் சேவையை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பானது. அதே ஆண்டு ஜூலையில், தன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள் தளங்களையும் செயலிகளையும் தணிக்கை செய்ய வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி சுற்றறிக்கை விட்டது. ஐரோப்பிய யூனியனின் அக்ஸசிபிலிட்டி சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே வாடிக்கையாளர் வைத்திருக்கும் நம் ஐ.டி. நிறுவனங்களுக்கும் அந்தச் சூடு வந்து சேரும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ‘அக்ஸசிபிலிட்டி’ என்ற பெயரிலேயே புதியவர்களுக்கு வரும் பணியிடங்கள் குறைவு. முதல் வேலை பெரும்பாலும் டெஸ்டிங், ஃப்ரன்ட் எண்ட் (திரையில் தெரியும் பகுதிக்குக் கோட் எழுதுவது) அல்லது யூ.எக்ஸ். (பயனாளர் அனுபவ வடிவமைப்பு) என்ற பெயரில்தான் கிடைக்கும். அதனால் அவள் முதலில் ஒரு நல்ல ஃப்ரன்ட் எண்ட் ஆளாகவோ டெஸ்டராகவோ ஆகட்டும். இந்தத் திறமை அதன்மேல் ஏறி உட்கார வேண்டும். இதை மட்டுமே வைத்துக்கொண்டு கேம்பஸுக்குப் போனால் திண்டாட்டம்தான்.

படிப்பதற்கு லட்சம் லட்சமாகக் கட்ட வேண்டியதில்லை. இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அடிப்படைப் பாடம் இணையத்தில் இலவசம். அந்த அமைப்பின் டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 என்ற அக்ஸசிபிலிட்டி தரத்தை எண்களோடு கைவசப்படுத்தட்டும்: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாடு) குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1, தொடும் பட்டன் குறைந்தது 24x24 பிக்சல். திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளுக்கு ஸ்க்ரீன் ரீடர் என்று பெயர். கம்ப்யூட்டருக்கான என்.வி.டி.ஏ. இலவசம். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற ஸ்க்ரீன் ரீடர் இருக்கிறது. மவுஸைத் தொடாமல், மானிட்டரை அணைத்துவிட்டு தினம் அரை மணி நேரம் பழகினால் ஒரு மாதத்தில் கை பழகிவிடும். கருவி பழகத்தான் இது. கண்ணைக் கட்டிக்கொண்டு நாலு நாள் நடந்தவர் பார்வையற்றவரின் அனுபவத்தைப் பேச ஆரம்பித்தால் அபத்தம். அவர்கள் வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும் திறமை எதுவும் இவருக்குக் கிடையாது, தடுமாற்றம் மட்டும்தான் தெரியும்.

ஆக்ஸ், வேவ் போன்ற தானியங்கிக் கருவிகளையும் கற்கட்டும், ஆனால் அவற்றை நம்பி உட்காரக் கூடாது. படத்துக்கு விளக்கம் எழுதியிருக்கிறதா என்று கருவி பார்க்கும். அந்த விளக்கம் ‘ஐ.எம்.ஜி. 2043’ என்று இருந்தாலும் பாஸ் போட்டுவிடக்கூடும். இந்தத் துறை வல்லுநர்களின் சர்வதேச அமைப்பான ஐ.ஏ.ஏ.பி. தரும் சான்றிதழ்களில் சி.பி.ஏ.சி.சி. பொதுக் கோட்பாடு, டபிள்யூ.ஏ.எஸ். தொழில்நுட்பம். உங்கள் மகளுக்கு இரண்டாவதுதான் அதிகம் பயன்படும். அதற்கு இப்போது அவசரமில்லை. வேலைக்குச் சேர்ந்தபின் நிறுவனமே கட்டணம் தருமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

இனி ப்ராஜெக்ட். இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். தரப் பட்டியலை டிக் அடிக்கத் தெரிந்தவர்கள் நிறைய வருகிறார்கள். பயனாளர்களோடு உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் குறைவு. வித்தியாசம் நேர்காணலில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தயவுசெய்து ‘பார்வையற்றோருக்கான ஸ்மார்ட் கைத்தடி’ மட்டும் வேண்டாம். அல்ட்ராசோனிக் சென்சாரும் பஸ்ஸரும் வைத்த அந்தத் தடி ஆண்டுதோறும் கண்காட்சிக்கு வந்து, அப்படியே அலமாரிக்குப் போகிறது. தரையில் உள்ள படியையும் பள்ளத்தையும் சாதாரண வெள்ளைக் கோலே கண்டுபிடிக்கும். அது மடங்கும், சார்ஜ் கேட்காது. பஸ்ஸர் கத்தினால், அவர் நம்பி நடக்கும் காதையே அடைத்ததாகிவிடும். டெல்லி ஐ.ஐ.டி. உருவாக்கி 2014-இல் வெளியான ஸ்மார்ட்கேன் வேறு மாதிரி. கோல் தொடாத இடம், அதாவது முழங்காலுக்கு மேலே தலை உயரம் வரை உள்ள ஜன்னல் கதவு, நிற்கும் லாரியின் பின்பக்கம், தாழ்ந்த கிளை, இவைதான் ஆளை அடிக்கின்றன. அது அவற்றை மட்டும் கவனிக்கிறது, சத்தமில்லாமல் கைப்பிடியில் அதிர்கிறது. பயனாளர்களை உள்ளே வைத்துச் செய்ததன் பலன் அது. தயாரித்தது சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ்.

உங்கள் மகள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். இருக்கிற சேவை ஒன்றில் ஒரே ஒரு காரியத்தை எடுக்கட்டும். பஸ் டிக்கெட் எடுப்பது என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி கோட் எழுதும் முன்பே இரண்டு மூன்று பேரைச் சந்தித்து, இன்று எப்படி எடுக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். எல்லாம் முடித்து மார்ச் மாதம் ‘கருத்து’ கேட்கப் போனால், மாற்ற நேரமிருக்காது. பெயருக்கு ஒரு படிவம் நிரப்பி வாங்குவதாக முடியும்.

சோதனைக்கு ஏழு அல்லது எட்டுப் பேர் போதும், ஆனால் கலந்து வேண்டும்: ஸ்க்ரீன் ரீடர் பயன்படுத்துபவர் மூன்று (ஒருவராவது தமிழ்க் குரல் வைத்திருப்பவர்), எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் குறைபார்வை உள்ளவர் இரண்டு, கை இயக்கத்தில் சிரமம் உள்ளவர் ஒன்று, காது கேளாதவர் ஒன்று அல்லது இரண்டு. ஒரு மாதம் முன்பே ஆள் தேட வேண்டும். பார்வையற்றோர் பள்ளிகளின் முன்னாள் மாணவர் குழுக்கள், பல்கலைக்கழகங்களில் படிக்கும் மாற்றுத்திறனாளி மாணவர்கள், சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் உள்ள, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் என்று விசாரிக்கலாம். நிர்வாகியிடம் மட்டும் சொல்லிவிட்டால், அவர் இருப்பதிலேயே கெட்டிக்காரரைத்தான் அனுப்புவார். அவருக்கு எல்லாமே சுலபமாக முடியும், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது.

வருபவருக்கு நேரத்துக்கான தொகை, போக வர ஆட்டோ செலவு, துணைக்கு ஒருவர் வந்தால் அவர் செலவு எல்லாம் கொடுக்க வேண்டும். மாணவர் ப்ராஜெக்ட்தானே என்று டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புவது மரியாதையல்ல. கல்லூரி தராவிட்டால் குழுவாகப் பங்கு போடட்டும். நீங்கள் இதற்காகச் செலவழிக்கும் பணம், ஏதோ ஒரு இன்ஸ்டிட்யூட்டின் சான்றிதழுக்குக் கட்டுவதைவிட நன்றாகப் பலன் தரும்.

ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, அதில் ஒரு மணி நேரம் மட்டும் வேலை கொடுக்கலாம். அவரவர் போனிலேயே செய்யச் சொல்ல வேண்டும். பேச்சு வேகம், குரல், கை அசைவு எல்லாம் அதில்தான் அவருக்குப் பழக்கம். அந்த வேகம் உங்கள் மகளுக்குப் புரியாது. அதற்காக நிறுத்தி நிறுத்திக் கேட்காமல், அனுமதி வாங்கித் திரையையும் ஒலியையும் பதிவு செய்து பிறகு கேட்கட்டும். பணம் கட்டும் பக்கம் வந்ததும் பதிவை நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி வைக்கும் விதத்திலேயே பாதிச் சோதனை கெட்டுப்போகும். “‘பயணத் தேதி’ பட்டனை அழுத்துங்க” என்றால் விடையைச் சொல்லிக் கொடுத்தாயிற்று. “வர்ற வெள்ளி ராத்திரி மதுரைக்கு ரெண்டு டிக்கெட் எடுங்க சார்” என்பதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். துணைக்கு வந்தவர் பதில் சொல்ல ஆரம்பித்தால், கேள்வியைத் திரும்பவும் பயனாளரிடமே வைக்கட்டும். முடிந்ததும் “நல்லாத்தான் இருக்கும்மா, எனக்குத்தான் சரியா வரல” என்பார்கள். படிக்கிற பிள்ளை மனசு நோகக் கூடாது என்று சொல்வது அது. ரிப்போர்ட்டில் போக வேண்டியது, எந்த இடத்தில் மூன்று முறை பின்னால் போனார் என்பதுதான்.

காது கேளாதவருக்குக் கேள்விகளை எழுதிக் கொடுத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். சைகை மொழியே முதல் மொழியாக உள்ள பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் மாறி மாறிச் செய்ய இருவர் வேண்டும். பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் பயனாளரைப் பார்த்துப் பேச வேண்டும்.

ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் வரைந்த மாதிரியை ஸ்க்ரீன் ரீடர் சோதனைக்குக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. உண்மையான செயலி நடந்துகொள்வதுபோல் அது நடந்துகொள்ளாது. அழகில்லாவிட்டாலும் பரவாயில்லை, சாதாரண ஹெச்.டி.எம்.எல்.-இல் நாலு பக்கம் எழுதிக் கொடுக்கட்டும்.

என்ன தெரியவரும்? சீட் வரைபடத்தைப் பாருங்கள். லேபிள் போடாத நாற்பது இருக்கைகளையும் டாக்பேக் “பட்டன், பட்டன், பட்டன்” என்று வாசிக்கும். பெண்களுக்கான இருக்கை இளஞ்சிவப்பு என்பது நிறம் தெரிந்தவருக்கு மட்டும்தான் தெரியும். “12, ஜன்னல் ஓரம், பெண்களுக்கு, காலி” என்று லேபிள் வந்துவிட்டால் இரண்டு பிரச்சினையும் தீரும். தேதியில் பிழை என்று மேலே சிவப்பில் ஒரு வரி வரும். ஃபோகஸ் (ஸ்க்ரீன் ரீடர் நிற்கும் இடம்) கீழேயே நின்றுவிட்டால், ஸ்க்ரீன் ரீடரில் இருப்பவருக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

தமிழுக்கென்று தனித் தொல்லைகள் உண்டு. வெளிநாட்டுப் பாடங்கள் இவற்றைச் சொல்லித் தராது, இவளுக்கு மூலதனமே இதுதான். பக்கத்தில் மொழிக் குறியீடு ‘டி.ஏ.’ என்று போடாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்கப் பார்த்து உளறும், அல்லது அப்படியே தாண்டிப் போய்விடும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பி.டி.எஃப். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஸ்க்ரீன் ரீடருக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினால், உயரம் நிலையாக வைத்த பட்டனில் ‘கி’யின் கொக்கி மேலேயும் ‘மு’வின் வால் கீழேயும் வெட்டுப்படும்.

கண்ட ஒவ்வொரு குறைக்கும் யார் மாட்டினார், எவ்வளவு கடுமை, எந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. விதி, என்ன திருத்தம் என்று எழுதி, திருத்தியபின் பழைய ஆட்கள் இருவரையும் புதியவர் ஒருவரையும் வைத்து மறுபடி சோதிக்க வேண்டும். பல குழுக்கள் இந்த இரண்டாம் சுற்றைத்தான் விட்டுவிடுகின்றன. முகமும் குரலும் வரும் பதிவுகளை லிங்க்டின்னில் போடக் கூடாது, அதற்கென்று தனியாக அனுமதி வாங்கியிருந்தால் ஒழிய.

செயலியைவிடக் கையில் பிடிக்கும் பொருள்களில்தான் ஆசை என்றால், பி.இ. முடித்து சி.இ.இ.டி. (‘சீட்’) என்ற வடிவமைப்பு நுழைவுத் தேர்வு எழுதி, எம்.டெஸ். என்ற வடிவமைப்பு முதுநிலைப் படிப்புக்குப் போகலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் ஆர்2டி2 மையம் சக்கர நாற்காலிகளிலும் செயற்கைக் கால்களிலும் வேலை செய்கிறது, அதன் திட்டங்களைக் கவனித்து வரட்டும். கட்டிடம் பக்கம் போகிறவர்களுக்கு 1:12 சரிவுக் கணக்கு (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) அத்துப்படியாக இருக்க வேண்டும். 15 செ.மீ. உயரப் படி மூன்று இருந்தால் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம். இடமில்லை என்று இரண்டு மீட்டரில் கட்டிவிட்டால், சக்கர நாற்காலிக்காரர் அதில் தனியாக ஏற முடியாது.

துறைத் தலைவர் “இதில் மாடல் எங்கே, அல்காரிதம் எங்கே?” என்று கேட்கக்கூடும். சீட் வரைபடத்தையும் பணம் கட்டும் பக்கத்தையும் இவர்களே கோட் செய்து, முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் ஆன நேரம், முடிக்க முடியாமல் விட்டவர் எண்ணிக்கை இரண்டையும் அட்டவணையாகக் காட்டினால் அவர் ஒப்புக்கொள்வார். மனிதர்களை வைத்துச் செய்யும் சோதனை என்பதால் சம்மதக் கடிதப் படிவத்துக்கும் கல்லூரி அனுமதிக்கும் ஜூலையிலேயே எழுதிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். செப்டம்பரில் ஆள் கிடைத்து, கையெழுத்துக்காக நவம்பர் வரை காத்திருக்க நேரும் குழுக்கள் உண்டு.