வாசகர் கேள்வி: வானில் நான் கண்ட ஒளி எது?

கேள்வி: பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மேற்கிலிருந்து ஒளிப்புள்ளிகள் கோத்த முத்துகளைப் போல வரிசையாக, சிறிதும் ஓசையின்றி மேலேறி வந்து, கிழக்கே இறங்குகையில் ஒவ்வொன்றாக மறைந்தன. மற்றோர் இரவில், தொடுவானத்துக்குச் சற்று மேலே ஓர் ஒளி சிவப்பும் நீலமுமாக மின்னியபடி இடமும் வலமும் அசைந்தது. வீட்டில் சொன்னால் கண்மயக்கம் என்கிறார்கள். நான் கண்டது என்ன?

பதில்: நீங்கள் ஒளியைக் கண்டது உண்மை, அதில் எங்களுக்கு ஐயமில்லை. இத்தகைய ஒளிகளைக் கண்டவர்கள் பெரும்பாலும் தவறுவது, அது எவ்வளவு தொலைவில், எத்தனை வேகத்தில் சென்றது என்று கணிக்கும்போதுதான். இருண்ட வானில் ஒரு புள்ளியின் பருமன் தெரியாமல் அதன் தொலைவையும், தொலைவு தெரியாமல் வேகத்தையும் எவருடைய கண்ணாலும் அளக்க இயலாது.

வரிசையாகச் சென்றவை பெரும்பாலும் இணையச் சேவைக்காக ஏவப்படும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களாக இருக்கும். 2019 மே மாதம் ஒரே ராக்கெட்டில் 60 செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டது முதல் உலகின் பல பகுதிகளிலும் இக்காட்சி தென்பட்டு வருகிறது. ஏவப்பட்ட சில நாட்கள் வரை நெருங்கிச் செல்லும் இவை, உயரே ஏறும்போது விலகிப் பரவிவிடும். நமக்குக் கதிரவன் மறைந்த பின்னும் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் வெயில் விழுவதால் ஒளிர்கின்றன. பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் மறைகின்றன. எல்லாப் புள்ளிகளும் வானின் ஒரே இடத்தை அடைந்ததும் மறைந்தனவா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

இரண்டாவது ஒளி, தாழ்வாக நின்ற சிரியஸ் போன்ற பிரகாசமான விண்மீனாக இருக்கக்கூடும். தாழ்வான விண்மீனின் ஒளி அடர்ந்த காற்றைக் கடந்து வரும்போது நிறம் பிரிந்து மின்னும். சுற்றிலும் இருளாக இருந்து ஒரே ஒளியை நெடுநேரம் பார்த்தால், அசையாத அதுவும் நகர்வதாகவே தோன்றும். மறுநாள் ஏறத்தாழ நான்கு நிமிடம் முன்னதாக அதே இடத்தில் தெரிந்தால் அது விண்மீன்தான்.

ஆனாலும் கண்டவர்களின் சொல்லைக் கண்மயக்கம் என்று தள்ளிவிடுவது முறையன்று. இடிமேகங்களுக்கு மேலே செந்நிற ஒளி பாய்வதாக விமானிகள் உட்படப் பலர் பல ஆண்டுகள் கூறிவந்தும் அறிவியலாளர்கள் அதைப் பெரிதாகக் கருதவில்லை. 1989-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தினர் மங்கிய ஒளியிலும் படம் பிடிக்கும் கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அது தற்செயலாகப் பதிவானது. இன்று ‘ஸ்பிரைட்’ என்ற பெயரில் ஆராயப்படுகிறது. நார்வேயின் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கில் 1980-களின் தொடக்கத்தில் அடிக்கடி தென்பட்ட ஒளிகளுக்கோ, அங்கே 1998-இல் தானியங்கி நிலையம் அமைத்துக் கண்காணித்தும், அனைவரும் ஏற்கும் விளக்கம் இன்னும் இல்லை. வானில் கண்ட இனந்தெரியாத பொருட்களைப் பற்றி ஆராய அமெரிக்க விமானப்படை 1969 வரை நடத்திய ‘புளூ புக்’ திட்டத்தில் பதிவான 12,618 காட்சிகளில் 701 அடையாளம் காணப்படாமலே நின்றன. அடையாளம் தெரியவில்லை என்பதற்கு அவ்வளவுதான் பொருள். வேற்றுலகத்தார் வந்தார்கள் என்பதற்கு அது சான்றாகாது என்பதே எங்கள் கருத்து.

இனி ஏதேனும் கண்டால், யாரிடமும் பேசுவதற்கு முன்பே நேரத்தையும் திசையையும், எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் எழுதி வையுங்கள். உயரத்தைக் கிலோமீட்டரில் ஊகிக்க வேண்டாம். கையை முழுதாக நீட்டி விரல்களை மடக்கினால் அந்த முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை (டிகிரி). தொடுவானத்திலிருந்து எத்தனை முட்டி என்று குறித்தாலே போதும். படம் எடுக்கும்போது ஒரு கூரை விளிம்போ மரக்கிளையோ படச்சட்டத்துக்குள் அசையாமல் இருக்கட்டும். அது இல்லாத படத்தில் நகர்ந்தது ஒளியா, உங்கள் கையா என்று எவராலும் சொல்ல முடியாது.