கேள்வி பதில்: வண்டலும் வெள்ளைப் படிவும்

தஞ்சாவூரிலிருந்து ஆய்வு மாணவி ஒருவர்: காவிரி வண்டலைக் கரைத்து கால்சியம் ஐசோடோப்பு (எடை வேறுபட்ட கால்சியம் அணுக்களின் விகிதம்) அளக்கிறேன். ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் கரைத்த பின் அடியில் வெள்ளையாகத் தங்குகிறது. மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா? ஒப்பீட்டுக்கு வைக்கும் எஸ்.ஆர்.எம். 915ஏ என்ற பொடி சரியாகத்தான் வருகிறது.

பதில்: கூடவே கூடாது. அந்த வெள்ளையில்தான் உங்கள் கால்சியம் இருக்கிறது. சிலிக்கேட்டை உடைக்கிற புளோரைடே கால்சியத்தைப் பிடித்து, கரையாத கால்சியம் புளோரைடாக இறக்கிவிடும். உலரவிட்டு, அடர் நைட்ரிக் அமிலம் விட்டு மறுபடி உலர்த்துங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். பிறகு 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், மூடிய டெஃப்ளான் குடுவையில் ஒரு ராத்திரி சூட்டில் வையுங்கள். மையவிலக்கியில் சுற்றிப் பார்த்து, அடியில் துளி மங்கலும் இல்லையென்றால்தான் அடுத்த கட்டம். புகைக்கூண்டும் கையுறையும் மட்டும் போதாது, கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

915ஏ சரியாக வருவதை வைத்துத் திருப்தி அடையாதீர்கள். அது சுத்தமான கால்சியம் கார்பனேட். நீர்த்த அமிலத்திலேயே கரைந்துவிடும், புளோரைடு பக்கமே போகாது. கருவி ஒழுங்கு என்பதற்கு மட்டுமே அது சாட்சி. ஒவ்வொரு தொகுதியிலும், கலவை தெரிந்த ஒப்பீட்டுப் பொடியான ஜி.எஸ்.பி-2 பாறைப் பொடியையும் கரைப்பதிலிருந்தே சேர்த்து ஓட்டுங்கள். அதிலும் கால்சியம் ஆக்சைடு 2 சதவீத அளவுதான், பொட்டாசியமோ ஏராளம். இன்னொரு ஒப்பீட்டுப் பொடியான பி.எச்.வி.ஓ-2 பசால்ட்டில் (எரிமலைப் பாறை) கால்சியம் ஆக்சைடு 11 சதவீதத்துக்கு மேல். அது சுலபப் பரீட்சை.

கால்சியத்தை மற்ற தனிமங்களிலிருந்து பிரிக்கும் ரெசின் குழாயில் முதலில் இறங்கும் கால்சியமும் கடைசியில் இறங்குவதும் ஒரே ஐசோடோப்பு விகிதத்தில் இருக்காது. இந்தப் பிசகைத் திருத்த இரட்டை ஸ்பைக் (விகிதம் தெரிந்த இரண்டு கால்சியம் ஐசோடோப்புகளின் கலவை) போடுவதானால், முழுதாகக் கரைந்த பிறகு, குழாயில் ஊற்றும் முன் போடுங்கள். ஸ்பைக் இல்லையென்றால் ஏறக்குறைய மொத்தக் கால்சியத்தையும் மீட்டாக வேண்டும்.

இன்னொன்று, வயல் வண்டலில் நத்தை ஓடும் சுக்கான்கல்லும் கிடக்கும். கால்சியம் ஆக்சைடு 2 சதவீதம் உள்ள 100 மில்லிகிராம் பொடியில் 1 மில்லிகிராம் ஓடு விழுந்தாலே, மொத்தக் கால்சியத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டினுடையது. முதலில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தால் கார்பனேட்டைப் பிரித்து, தனியே அளந்துவிடுங்கள்.

மயிலாடுதுறை வாசகர்: ஒரே பசால்ட்டின் கால்சியம் ஐசோடோப்பு அளவு ஆயிரத்துக்கு 0.8 என்கிறார் ஒருவர், 0.1 என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இருவருமே சரியாக இருக்கலாம், எந்தப் பொடியோடு ஒப்பிட்டார்கள் என்பதைப் பொறுத்தது. 915ஏ தீர்ந்துபோனதால் பலர் 915பி-க்கு மாறினார்கள். அது 915ஏ-யைவிட ஆயிரத்துக்குச் சுமார் 0.7 கனம், அதாவது கனமான ஐசோடோப்பு அவ்வளவு கூடுதல். எந்த விகிதம் என்றும் பாருங்கள். ஆர்கான் பிளாஸ்மாவில் அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் கருவியில் எடை 40 என்ற இடத்தில் ஆர்கானே உட்கார்ந்திருப்பதால், பெரும்பாலும் 44/42 (கால்சியம்-44க்கும் கால்சியம்-42க்கும் உள்ள விகிதம்) அளப்பார்கள். 44/40 வேண்டுமென்றால் சுமார் 2.05 ஆல் பெருக்குவார்கள். பொட்டாசியம் மிகுந்த பழம்பாறைக்கு இந்தப் பெருக்கல் செல்லாது, பொட்டாசியம்-40 சிதைந்து கால்சியம்-40 கூடியிருக்கும். காவிரி மேட்டுநிலத்திலிருந்து கொண்டுவரும் ஃபெல்ட்ஸ்பாருக்கும் இதே எச்சரிக்கை. பிளாஸ்மாவில் ஸ்ட்ரான்சியம்-88 இரட்டை மின்னூட்டம் பெற்றால் அதுவும் 44-இல் வந்து விழும், அப்படியானால் ஸ்ட்ரான்சியம்-87 விழும் 43.5-இல் சமிக்ஞை தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கும்பகோணம் வாசகர்: வெற்றிலைச் சுண்ணாம்பு சிப்பியில் சுட்டதா, கல்லில் சுட்டதா என்று இதனால் தெரியுமா?

பதில்: கால்சியம் ஐசோடோப்பால் கஷ்டம், சிப்பிக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஸ்ட்ரான்சியம் 87/86 பாருங்கள். இன்றைய கடல் சிப்பியில் 0.7092. அரியலூர்ப் பக்கத்து கிரீத்தேசிய (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலம்) சுண்ணாம்புக்கல் பிற்பாடு மாறாமல் இருந்தால் 0.708-க்குக் கீழே. நன்னீர்ச் சிப்பி கலந்திருந்தால் இந்தக் கணக்கும் பிசகும்.